தாத்தா ஓட்டினது ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் இல்ல

தம்பி, நம்ம சத்துவாச்சாரி தாத்தாவை நினைச்சு பதிவு எழுதினதுக்கு நன்றி. ஆனா "திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டதாரி, 1942-ல பர்மாவுல ஸ்பிட்ஃபயர் ஓட்டினவர்"னு போட்டிருக்கீங்களே, ரெண்டுமே தப்பு. அந்தப் பல்கலைக்கழகமே 2002-லதான் வந்துச்சு. அவர் வாங்கினது மெட்ராஸ் யுனிவர்சிட்டி பட்டம்; கரையான் ஒரு மூலையைத் தின்ன சட்டத்துக்குள்ள இன்னும் கூடத்துல தொங்குது.

1942-ல பர்மாவுக்குப் போன இந்திய விமானப்படையோட முதல் ஸ்குவாட்ரன்கிட்ட (விமானப் பிரிவுகிட்ட) இருந்தது லைசாண்டர் விமானம். தரைப்படைக்கு வேவு பார்க்கச் செஞ்ச மெதுவான வண்டி! அதுலயே குண்டைக் கட்டிக்கிட்டு, மஜும்தார் தலைமையில ஜப்பான்காரன் விமானத்தளத்துல போய்ப் போட்டாங்க. நம்ம படைக்கு ஸ்பிட்ஃபயர் கிடைச்சது 1944-லதான். தாத்தா பறந்த கணக்கு எழுதி வச்ச லாக்புக்லயும் ஊதா மையில, பக்கத்துக்குப் பக்கம் லைசாண்டர்தான். என்னைக் கேட்டா அதுக்குத்தான் கூடுதல் தைரியம் வேணும். பதிவைத் திருத்திடுங்க.