நடத்துகிறவர் ஆடவும் வேண்டும்

ஆறு வருடங்களாக மண்டபத்தில் எங்கள் நண்பர் வட்டத்துக்கு நான்தான் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையும் வைத்துக்கொண்டு ஆடும் கதாபாத்திர ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் வாழ்வார்கள். எது நடக்கும் என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் விசைப்படகு நண்பர்கள் கரையில் இருப்பார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்தால் நள்ளிரவு வரை ஆட்டம்தான்.

இந்த முறை நான் நடத்தவில்லை. முதன்முறையாக ஆடினேன். அதிலிருந்து மனத்தில் கிடந்து உறுத்துவதை எழுதிவிடுகிறேன்.

நடத்துவது பெரிய வேலை, ஆடுவது சும்மா வந்து உட்காருவது என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்தோம். நடத்துகிறவருக்கு உழைப்பு அதிகம் என்பதில் சந்தேகமில்லை. வரைபடம், பாத்திரங்கள், விதிகள் என்று ஒரு மாலை ஆட்டத்துக்கு மூன்று இரவுகள் கண்விழித்திருக்கிறேன். அந்த உழைப்பே கதையின் முடிவையும் என்னுடையதாக்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டதுதான் தவறு.

இரண்டு வருடங்களுக்கு முன் மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பை வைத்து ஓர் ஆட்டம் அமைத்தேன். தோணிகள், கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் பார், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவார்கள் என்று நம்பப்பட்ட கடல்கட்டி, எல்லாம் தயார். குளிக்கப் போகும் பாத்திரத்தை ஆடிய நண்பனின் தாத்தா கீழக்கரையில் சங்கு குளித்தவர். அவன் குதிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணே, மேலே கயிறு யார் கையில்?"

குளிக்கிறவரை மேலே இழுக்கும் கயிறு அது. நான் அதை யோசிக்கவே இல்லை. சுறாவின் பலத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், கயிறு பிடிக்க ஆளை எழுதவில்லை. கதையில் அவனோடு மூன்று வாரமாகப் பகையில் இருந்த பாத்திரத்தை ஆடிய இன்னொரு நண்பன், நிஜத்தில் விசைப்படகில் போகிறவன், மெதுவாகச் சொன்னான்: "என் கையில்." மாடியில் ஒரு சத்தம் இல்லை. என் மூன்று இரவுத் தயாரிப்பில் அப்படி ஒரு கணம் எங்கேயும் இல்லை. ஆடுகிறவர்கள் கொண்டுவந்தது அது.

பிறகு சுறா வந்தது. அதன் தாக்குதலுக்கான பகடையை, மற்றவர்கள் பார்க்காதபடி அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். எண் கூடினால் சுறாவுக்குச் சாதகம். 19. குளித்தவன் செத்திருக்க வேண்டும். நான் "விலகிப் போய்விட்டது" என்றேன். கயிறு பிடித்தவன் இழுத்தான், எல்லோரும் கைதட்டினார்கள். "நான் இழுக்காவிட்டால் போயிருப்பான்" என்று அவன் மாதக்கணக்கில் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டினேன்.

எங்கள் பகுதித் திருவிழா நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றிரவுதான் வந்து சேர்வார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். வள்ளி திருமணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால், அடுத்து என்ன கேள்வி விழும் என்று எதிரே நிற்பவருக்கே தெரியாது. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து எல்லோரையும் தாங்கிக்கொண்டிருப்பார். வள்ளியின் பதிலையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டால் விடிய விடிய மணலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இந்தத் தடைக்காலத்தில் தங்கை முறையுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி நடத்தினாள். மறைப்பு அட்டை வைக்கவில்லை. பாயின் நடுவில் ஒரு தாம்பாளம், எல்லாப் பகடையும் அதில்தான். கதையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதம், மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கொந்தளிக்கிறது, பாக் நீரிணைப் பக்க வடகடல் வழியாகச் சுற்றிப் போனால் இரண்டு நாள் தாமதம். எந்தப் பக்கம் என்று கேட்டாள். தென்கடல் என்றேன். தப்பிக்க 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது இருபதில் ஒன்பது வாய்ப்பு. பகடை தாம்பாளத்தில் சுழன்ற அந்த இரண்டு நொடியில் என் கை குளிர்ந்துவிட்டது. 7 விழுந்தது. என் தோணி போனது, நானும் போனேன். அவள் மாற்றவில்லை. "அண்ணே, கடைசியாக என்ன சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் குளிரைத்தான் ஆறு வருடமாக என் நண்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நடத்துகிற இடத்திலேயே இருந்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் இதற்குச் சாட்சி. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் மேசைமேல் ஆடும் ஒரு போர் விளையாட்டில் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துப் பார்த்தார். ஆடியவர்கள் அவர் போட்ட திட்டத்தை விட்டுத் தங்கள் போக்கில் போனார்கள். தோற்றுவிட்டோம் என்றே அவர் நினைத்தார். அவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னசன்தான் பிறகு சொந்தமாக ஓர் உலகம் படைத்து நடத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. முதல் பதிப்பில் நடத்துகிறவருக்கு ரெஃபரி என்றுதான் பெயர். ரெஃபரி கோல் போடுவதில்லை.

ஆகவே எங்கள் வட்டத்தில் இனி மூன்று மாதத்துக்கு ஒருவர் நடத்துவார். "எனக்கு விதியெல்லாம் தெரியாதே" என்று சொல்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விலை கூடிய புத்தகம் தேவையில்லை. தடுமாறினால் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்.

போன வாரம் கயிறு பிடித்தவனிடம் அந்த 19ஐப் பற்றிச் சொல்லிவிட்டேன். படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அந்தச் சுறாவை மறுபடி விடுவீர்களா அண்ணே?" குளித்தவனிடமும் கேட்டோம், சம்மதித்துவிட்டான். வரும் ஞாயிறு இரவு, தாம்பாளத்தில்.