ஏர் ரைஃபிளுக்குப் போகச் சொன்னவருக்கு

சனிக்கிழமை எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், இல்லாதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். போர்டில் புது அறிவிப்பு ஒட்டியதையோ, "இருப்பு குறைவு, ஆளுக்கு மாதம் 100 தோட்டா மட்டும்" என்று எழுதியதையோ நான் குறை சொல்லவில்லை. இருப்பு இல்லையென்றால் யார்தான் என்ன செய்வார்கள்? அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாரே, "முடியாதவங்க ஏர் ரைஃபிளுக்குப் போகலாமே, யார் வேண்டாம்னா?" என்று. ஏர் ரைஃபிள் காற்றழுத்தத்தில் சுடுவது, அதற்கு இந்தத் தோட்டா வேண்டாம். அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவர் அதைச் சொன்னபோது பார்த்தது எங்கள் கிளப்பில் பழகும் ஒரு பெண்ணைத்தான்.

நாங்கள் ஆடுவது டிராப், பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முன்னால் 15 மீட்டர் தூரத்தில் ஒரு பள்ளம். அதற்குள் மெஷின்கள். நீங்கள் குரல் கொடுத்ததும் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று பறக்கும். அதை கிளே என்போம். எந்தக் கோணத்தில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு ரவுண்டுக்கு 25 கிளே. தகுதிச் சுற்று முழுவதற்கும் 125. ஒவ்வொரு கிளேக்கும் இரண்டு முறை சுடலாம். முதல் ஷாட் தவறினால் கண் இமைப்பதற்குள் செகண்ட் பேரல், அதாவது துப்பாக்கியின் இரண்டாவது குழல், போக வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. உடம்பு தானாகச் செய்ய வேண்டும். உடம்புக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தோட்டாவைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு ரவுண்டு என்றால் 100 கிளே. செகண்ட் பேரலும் சேர்த்தால் 130 தோட்டா போகும். நான் ஒரு தோட்டாவை 30 ரூபாய்க்கு வாங்கிய காலம் ரொம்பப் பழையது ஒன்றும் இல்லை. கடைசியாக வாங்கியபோது 60ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாள் பயிற்சிக்கு 7,800 ரூபாய். இதில் கிளே விலையும் ரேஞ்ச் கட்டணமும் சேரவில்லை. அதையும் கொடுக்கத் தயாராக இருப்பவனுக்குக்கூட மாதத்துக்கு 100 தோட்டாதான் என்றால், முழுதாக ஒரு நாள் பயிற்சிக்கே அது காணாது.

அந்தப் பெண் யார் மகள், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர் மகள் என்பது போதும். கிளப் துப்பாக்கியில் பழகுகிறாள். கை அவ்வளவு சுத்தம். நான் இத்தனை வருடத்தில் பார்த்தவர்களில் கிளேவை அவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் கண் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருந்தது. போன மாதம் அவள் சுடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளே தவறியது. செகண்ட் பேரல் போடவில்லை. அடுத்த தடவையும் போடவில்லை. துப்பாக்கியைத் திறந்து, சுடாத அந்தத் தோட்டாவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மிச்சம் புடிக்கறனுங்க சார்" என்றாள்.

அப்போது எனக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. போட்டி அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் ஷாட் தவறிய கிளே ஒவ்வொன்றும் அப்படியே பறந்து போய் விழுந்தது. கையில் இன்னொரு தோட்டா தயாராக இருந்தும் விரல் அசையவில்லை. மாதக்கணக்கில் மிச்சம் பிடித்துப் பிடித்து, சுடாமல் இருப்பதைத்தான் அந்த விரல் பழகியிருந்தது. நான் எண்ணினேன். அப்படி ஒன்பது கிளே. தகுதி பெறத் தேவையான கட் ஆஃபுக்கும் அவளுக்கும் இடையில் நான்கு.

அவளிடம்தான் அவர் ஏர் ரைஃபிளுக்குப் போகச் சொன்னார்.

ஏர் ரைஃபிளை நான் மட்டமாகச் சொல்லவே மாட்டேன். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் போனதும் அதில்தான். ஆனால் அது அசையாத இலக்கு. மூச்சை அடக்கி, உடம்பைக் கல் மாதிரி நிறுத்திச் சுட வேண்டும். டிராப்பில் உடம்பு முழுக்க ஓட்டத்தில் இருக்க வேண்டும். நீச்சல்காரனிடம் குளத்தில் தண்ணீர் இல்லை, செஸ் ஆடு என்று யாராவது சொல்வார்களா?

"ஃபைனலில் ஒரே ஷாட்தானே, செகண்ட் பேரலுக்கு ஏன் இவ்வளவு புலம்பல்?" என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்டார். சரி. ஃபைனலில் ஒன்றுதான். அந்த ஃபைனலுக்குப் போக 125 கிளேயைத் தாண்டி வர வேண்டாமா? 2024 பாரிஸில், எங்களைப் போலவே கிளே சுடும் ஸ்கீட் பிரிவின் கலப்பு அணி வெண்கலப் போட்டியில் நம் ஆட்கள் 43, சீனா 44. ஒரே ஒரு கிளே. அந்த ஒன்றுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் தோட்டாக்கள் இருக்கும் என்று சுடுகிறவனுக்குத் தெரியும்.

இன்னொருவர், "உலகமே போரில் இருக்கிறது, உங்கள் விளையாட்டுக்கு வெடிமருந்து இல்லையென்று அழுகிறீர்களே" என்கிறார். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. உக்ரைன் போர் 2022இல் தொடங்கிய பிறகு ஐரோப்பா முழுவதும் பீரங்கிக் குண்டுக்கு அலைகிறது. 155 மில்லிமீட்டர் பீரங்கி முழு விசையில் ஒரு முறை சுடப் குண்டைத் தள்ளும் உந்துமருந்து பத்து கிலோவுக்கும் மேல் வேண்டும். எங்கள் தோட்டாவில் இருப்பது ஒன்றரை கிராம் அளவுக்குத்தான். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே, நைட்ரோசெல்லுலோஸ். நாங்கள் சுடுவது பெரும்பாலும் இத்தாலியச் சரக்கு என்பதால் அங்கே இருமினால் இங்கே காய்ச்சல் வருகிறது. உயிர் போகிற இடத்துக்கு மருந்து முதலில் போகட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்த நைட்ரோசெல்லுலோஸ் எதில் செய்கிறார்கள்? பருத்தியில். விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையில். கோயம்புத்தூர்க்காரனான எனக்குப் பருத்திக்குப் பஞ்சம் என்று சொல்கிறீர்களா? ஊட்டி ரயிலில் போகும்போது அருவங்காடு ஸ்டேஷன் வருமே, அங்கே 1904 முதல் உந்துமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி இருக்கிறது. புனே பக்கத்தில் கட்கியில் 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது, எங்கள் துப்பாக்கிக்கான 12 போர் தோட்டாவும் அங்கே செய்கிறார்கள். பருத்தி இங்கே, மருந்து இங்கே, தொழில் தெரிந்த கைகளும் இங்கே. போட்டி விதிப்படி 24 கிராம் ஈயம் போட்ட நல்ல தோட்டா, ஏழை வீட்டுப் பிள்ளை வாங்குகிற விலையில், தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஈயம் மண்ணைக் கெடுக்கிறதே என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. மண்ணைச் சலித்து ஈயத்தைத் திரும்ப எடுக்க முடியும், எடுக்கத்தான் வேண்டும். அதைத் தனியாகப் பேசுவோம்.

"தோட்டா விலை ஏறினால் நல்லதுதானே, நாட்டில் வன்முறை குறையும்" என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்கிறேன். நான் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் லைசென்ஸ் புத்தகத்தில் ஏறுகிறது. ஒரு நேரத்தில் இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கிறது. செல்போன் மாதிரி ஆன்லைனில் ஆர்டர் போட முடியாது. பக்கத்து வீட்டில் தக்காளி கேட்பது மாதிரி நண்பனிடம் கைமாற்று வாங்கவும் முடியாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டு, காலையில் எழுந்து போய் கிளே தட்டைச் சுடுகிறவனை ரவுடியோடு சேர்த்துப் பேசுகிறீர்கள். வலிக்கிறது.

கடைசியாக, "இது பணக்காரர் விளையாட்டுதானே?" இதைக் கேட்காத ஆள் இல்லை. ராஜ்யவர்தன் ராத்தோர் 2004இல் ஏதென்ஸில் வெள்ளி வாங்கினார், அவர் அப்போது ராணுவ அதிகாரி. நம் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனார், புதுக்கோட்டை அரச குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் உழைப்பை ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அடுத்து வருகிறவர் லேத் பட்டறை வீட்டிலிருந்து வரக்கூடாதா என்றுதான் கேட்கிறேன். தோட்டா கிடைக்காமல் செய்துவிட்டு, கிடைக்கிற நாலு பேர் மட்டும் மிஞ்சியதும், பார், பணக்காரர் விளையாட்டு என்று சொன்னால் எப்படி?

என் அப்பா மில் தொழிலாளி. நான் லைசென்ஸுக்கு மனு கொடுத்த அன்று கூடவே வந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "மில்லுக்குப் போறவன் பையனுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை. பல மாதம் கழித்து லைசென்ஸ் வந்து நான் முதல் பெட்டி வாங்கி, 25ஐயும் ஒரே ரவுண்டில் சுட்டுவிட்டு வந்தபோது, காலி ஷெல்லில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தார். அவர் போய் ஆறு வருடமாகிறது. பித்தளை கறுத்துப்போய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். பட்டறைக் கறை போகாத கையோடு, மகளின் காது மஃப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் அவர் முகம் எப்படி ஆனது என்று சொன்னவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது எங்கள் அப்பா பஸ்ஸில் உட்கார்ந்திருந்த முகம்.

மன்னிப்பை குரூப்பில் போட வேண்டாம் சார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் இருவரும் ரேஞ்சுக்கு வருவார்கள். நேரில் வந்து அவரிடம் சொல்லுங்கள்.