அது தனுஷ்கோடி இல்லை

காரைக்குடிக் கண்காட்சியில், இடிந்த தேவாலயம் ஒன்றின் பழைய படத்துக்கு 'தனுஷ்கோடி, 1964 புயல்' என்று விவரச் சீட்டு வைத்திருந்தார்கள். தவறு என்று சொன்னேன். அதைப் பற்றி இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். 'ஒரு சீட்டு மாறியதில் என்ன குடிமுழுகிப் போயிற்று?' என்று கேட்டுவிட்டார்கள். கை சும்மா இருக்கவில்லை.

அது 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடித் தேவாலயம் இல்லை. 1897 ஜூன் 12 அசாம் பூகம்பத்தில் விழுந்த ஷில்லாங் தேவாலயம். நடுவில் 67 ஆண்டு.

படிக்க வேண்டாம், பார்த்தாலே தெரியுமே! தனுஷ்கோடியில் கூரைதான் போனது. பவளக்கல் சுவர் இன்றும் நிற்கிறது. அதன் முன் நின்று படம் எடுக்காதவர் நம்மில் யார்? இந்தப் படத்தில் சுவரே இல்லை, கற்குவியல்தான். ஷில்லாங்கில் கல் கட்டடமெல்லாம் தரைமட்டம். அஸ்திவாரத்தோடு பிணைக்காமல் தரைமேல் சும்மா உட்கார்ந்திருந்த பலகை வீடுகள் தப்பின. புவியியல் ஆய்வுத் துறையின் ஆல்டாம் 1899 அறிக்கையில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். படமெடுக்கக் கண்ணாடித் தகடு சுமந்த காலத்து இடிபாட்டுப் படங்கள் உச்சுக்கொட்டுவதற்கு மட்டுமா? எது எப்படி விழுந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. சாட்சியின் ஊரை மாற்றுவீர்களா?

'உணர்வுதானே முக்கியம்' என்கிறார் ஒரு நண்பர். நல்லது. உங்கள் ஐயா திதிக்கு அடுத்த வீட்டு ஐயா படத்தை வைத்து மாலை போடுங்கள். உணர்வு வராதா என்ன?

'கைக்காசு போட்டு நடத்துகிறார்கள்.' உண்மை, கும்பிடுகிறேன். 'தேவாலயத்துக்கு நீ ஏன் வக்காலத்து?' இதற்குப் பதில் கிடையாது.

போன ஆடியில் ஒரு பழம்பொருள் கடையில் எங்கள் ஆயாவை, பாட்டியை, படத்தில் பார்த்தேன். கழுத்திரு என்கிற செட்டிநாட்டுத் தாலி நகை போட்டுக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்தபடி, சிரிக்காமல். இதே படத்தின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டாலையில், மாட்டியிருந்தது. வீடு பங்கு பிரிந்தபோது எந்தப் பங்காளியின் சாமானோடு போனதோ! யார் இது என்று கடைக்காரரைக் கேட்டேன். 'யாரோ ஒரு ஆச்சி. சட்டம் பர்மா தேக்கு, அதைப் பாருங்கள்' என்றார். பேரம் பேச நா எழவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்து, பின்புற அட்டையில் பென்சிலால் பெயரை எழுதினேன். பிறந்த ஆண்டை எழுத முடியவில்லை. தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை.

ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நேற்று மாலை மறுபடி கண்காட்சிக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். சீட்டை எடுத்துவிட்டார்கள். புதுச் சீட்டு வைக்கவில்லை. படம் மட்டும் தொங்குகிறது.