டப்பாவுக்கு ஏது வேர்?

மாலதி: அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றனவே, இந்தப் பெரியதன் மூடி எங்கே?

சங்கரன்: மூடி கிடக்கட்டும். டப்பா என்ற சொல்லிலிருந்துதான் இந்தப் பிளாஸ்டிக் டப்பாக்களின் டப்பர்வேர் என்ற பெயர் வந்தது, அதிலுள்ள 'வேர்' நம்முடைய வேர்தான் என்று இன்று அலுவலகத்தில் நிறுவிவிட்டேன்; ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாலதி: இருந்த மூடிகளை அவர்கள் வாயில் வைத்து அடைத்துவிட்டீர்களா? எர்ல் டப்பர் என்ற அமெரிக்கர் தம் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அந்த 'வேர்' ஆங்கிலத்தில் பாத்திரபண்டத்தைக் குறிக்கும்.

சங்கரன்: டப்பரின் முன்னோர்கள் டப்பா செய்தவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா?

மாலதி: இருந்திருந்தால் மூடியைத் தொலைத்திருக்க மாட்டார்கள். 1946-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பாலிஎத்திலீன் பாத்திரத்தின் சிறப்பே அதன் மூடிதான். பெயிண்ட் டப்பாவின் மூடியைப் பார்த்து, அதைத் தலைகீழாக யோசித்துச் செய்தார். நடுவில் அழுத்திக்கொண்டே ஓரத்தை லேசாகத் தூக்கினால், உள்ளே இருக்கும் காற்று ஏப்பம் போல வெளியேறி, விளிம்பு இறுகக் கவ்விக்கொள்ளும். நீங்களோ முழங்கையால் குத்திவிட்டு, மறுபக்கம் எழும்புகிறதே என்று டப்பாவைத் திட்டுகிறீர்கள்.

சங்கரன்: ஏப்பம் தமிழ்ச் சொல்தானே?

மாலதி: சாப்பிட்டுவிட்டு நீங்கள் விடுவது தமிழ்தான். கேளுங்கள்: மூடும் முறை தெரியாததால் கடைகளில் அவை சரியாக விற்கவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் பெண்களைக் கூட்டி, மூடிக் காட்டியே விற்றார். 1951-இல் கடைகளிலிருந்து சரக்கையே திரும்பப் பெற்று, வீட்டு விருந்துகளில் மட்டும் விற்குமளவுக்கு வியாபாரம் பெருகியது. 1958-இல் அவரை வெளியேற்றிவிட்டு, அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டார். உழைத்தவர் கையில் ஒரு பங்குகூட இல்லை. டப்பாவிலும் அவர் பெயர் இல்லை.

சங்கரன்: அடப் பாவமே! அந்த அம்மையாரின் பெயரையே அதற்கு வைத்திருக்கலாமே?

மாலதி: வைத்திருந்தால், 'வை' என்ற வினையிலிருந்துதான் வைஸ் பிறந்தது என்று நாளைக்கே நிறுவிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு மூடியையும் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வருவீர்கள்.