ரீச்சர் என்பதற்காக மட்டும் வாக்களிக்காதீர்கள்

2022 அக்டோபர் 24, திங்கட்கிழமை, ரொறன்ரோவில் மாநகரத் தேர்தல்; இது அதற்கு முன் எழுதியது. மேயர் யார், கவுன்சிலர் யார் என்று கோப்பிக் கடையில்கூடக் கதைக்கிறோம். அதே நாளில் பள்ளிக்கூடங்களை நடத்தும் கல்விச் சபைக்கான ட்ரஸ்டியையும், அதாவது அங்கே நம் பகுதியின் பிரதிநிதியையும், தெரிவு செய்கிறோம் என்பது பலருக்கு வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபிறகுதான் நினைவுக்கு வரும். தமிழ்ப் பெயர் ஏதாவது தென்பட்டால் அதற்கு ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

எங்கள் பகுதியில் இம்முறை இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் நிற்கிறார். இது விளம்பரப் பதிவில்லை, அதனால் பெயர் போடவில்லை. "எத்தனை வருசம் படிப்பிச்சவா, அவவுக்குத் தெரியாததா?" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. நல்ல ஆசிரியர் நல்ல ட்ரஸ்டியாக இருப்பார் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ட்ரஸ்டி என்றால் அதிபர்களுக்கெல்லாம் பெரிய அதிபர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையில் 22 ட்ரஸ்டிகள். 300 கோடி டொலருக்கு மேற்பட்ட வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, கல்விப் பணிப்பாளரை நியமிப்பது, கொள்கைகளை முடிவு செய்வது, இவைதான் அவர்கள் வேலை. சொத்து வரியை நிர்ணயிக்கும் அதிகாரம் 1998 முதல் சபைகளுக்குக் கிடையாது. காசு ஒன்ராறியோ மாகாண அரசிடமிருந்து வருகிறது. "வகுப்பில் பிள்ளைகளின் தொகையைப் பாதியாக்குவேன்" என்று துண்டுப் பிரசுரம் அடிப்பவர், குவீன்ஸ் பார்க்கின், அதாவது அந்த மாகாண அரசின், பணப்பையை நம்பித்தான் வாக்குறுதி தருகிறார்.

அதற்காக இந்தப் பதவியைச் சின்னதாக எண்ணவும் வேண்டாம். 2022 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். கலை, கணிதம், அறிவியல் போன்ற சிறப்புத் திட்டங்களுக்கு இனித் தகுதித் தேர்வோ நடிப்பு, இசைத் தேர்வோ இல்லை, ஆர்வமுள்ள பிள்ளைகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பது என்று ட்ரஸ்டிகள் வாக்களித்தார்கள். அடுத்த நாளே நம் வட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. ரியூஷனுக்குக் காசைக் கொட்டிய பெற்றோரின் கோபம் புரிகிறது. ஆனால் கோபப்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ட்ரஸ்டியின் பெயர் தெரிந்திருந்தது?

சரி, ரீச்சருக்கு வருவோம். எங்கள் தெருவில் அவர் வாசல் வாசலாக வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு தாய் மறித்து, "மகன்ர ரீச்சரை மாத்தித் தருவீங்களோ?" என்றார். இன்னொருவராக இருந்தால் "பாப்பம் அக்கா" என்று சொல்லி ஒரு வாக்கைச் சேர்த்திருப்பார். இவர், "அது எனக்குரிய வேலையில்லை பிள்ளை, முதலில அதிபரிட்டக் கதையுங்கோ" என்றார். தாய்க்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவருடைய மகள் இதே சபையில் படிப்பிக்கிறார். ஆசிரியர்களின் உள்ளூர் ஒப்பந்தம் சபையின் மேசைக்கு வந்தால், மகள் அங்கே படிப்பிப்பதை அறிவித்துவிட்டு வாக்களிக்காமல் விலக வேண்டியிருக்கும் என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னார். (இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர் நிற்பதென்றால் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும், வென்றால் வேலையை விட வேண்டும். அதனால்தான் இளைப்பாறியவர்கள் அதிகம் வருகிறார்கள்.)

குலுக்கல் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளே அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் மாற்றம் தேவை என்கிறார். உழைத்துத் தயாரான பிள்ளையைச் சீட்டுக் குலுக்கலில் நிறுத்துவது அநியாயம் என்கிறேன் நான். கால் மணிநேரம் வாசலிலேயே வாதாடினோம். கடைசிவரை அவரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. ஆனாலும் என் வாக்கு அவருக்குத்தான்.

வாக்களிப்பு காலை 10 முதல் இரவு 8 வரை. போகமுன் உங்கள் பெயர் ஆங்கிலப் பொதுச் சபைக்கா, கத்தோலிக்க சபைக்கா பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்த ட்ரஸ்டிக்கு வாக்களிக்கலாம் என்பது.