ரீபவுண்ட் எடுத்தால் மறுபடி 24 விநாடியா? உண்மை இதுதான்

"பாஸ்கெட்பாலில் ரீபவுண்ட் பிடித்தால் முழு 24 விநாடி கிடைக்கும், நிதானமாக ஆடுங்கள்" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது; 24 விநாடி என்பது பந்து கையில் உள்ள அணி கூடைக்கு எறிந்தாக வேண்டிய கெடு. பாதிதான் சரி. எதிரணி எறிந்த பந்தைப் பிடித்தால்தான் 24. நம் அணி எறிந்து, வளையத்தில் பட்டு, நம் கைக்கே திரும்பினால் 14 விநாடிதான். 2014 முதல் சர்வதேச விதி இதுவே. சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவின் இணையதளத்தில் விதிப்புத்தகம் இருக்கிறது, 29-ஆம் பிரிவைப் பாருங்கள்.

காட்பாடியில் ஒரு பெண் அருமையாக ரீபவுண்ட் எடுத்தாள். கூடைக்கடியில் தோழி தனியாக நின்றாள், கையைக்கூடத் தூக்கினாள். இவளோ நேரம் இருக்கிறதென்று பந்தை வெளியே ஓட்டிப்போய் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். 14 விநாடி முடிந்து விசில் அடித்துவிட்டது. முகம் வாடிப்போனது. தப்பு அவளுடையதல்ல, அந்தச் செய்தியுடையது.

இந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தமும் போடுங்கள்.