எட்டு டம்ளர் குறைகிறது

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் கடை வாசலில் ஒரு சடங்கு நடக்கும். சாக்கை அவிழ்த்துக் கொட்டி, டம்ளர்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவது. "ஐநூறு போச்சு, நானூத்தித் தொண்ணூத்திரண்டு வந்திருக்கு, எட்டு குறையுது" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பெண்ணைப் பெற்றவர் தலையைச் சொறிந்துகொண்டு மண்டபத்துக்கு ஆள் அனுப்புவார். ஜமக்காளச் சுருட்டலுக்குள் இரண்டு, காய்கறிக் கூடையில் மூன்று என்று கிடைத்துவிடும். கிடைக்காததை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்போம். கும்பகோணம் பக்கத்தில் வாடகைப் பாத்திரக் கடை எங்களுடையது. அண்டா, கொப்பரை, தாம்பாளம், ஜல்லிக்கரண்டி, நாற்காலி, ஜமக்காளம் எல்லாம் உண்டு.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த டம்ளர் சாக்கு பரணை விட்டு இறங்குவதே அபூர்வம். இப்போதெல்லாம் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். முதல் நாள் ராத்திரி, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று வேளைக்கு ஐநூறு பேர் என்றால் 1,500 பாட்டில். பாதிப்பேர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மிச்சத் தண்ணீரோடு அந்த பாட்டில் எச்சில் இலையோடு சேர்ந்து சுருட்டப்பட்டுக் குப்பை வண்டிக்குப் போகும். முன்பு இலை தனியாக வரும். மாடு தின்றது போக மிச்சம் எருக்குழிக்குப் போகும். பாட்டிலும் பிளாஸ்டிக் ஸ்பூனும் கலந்த இலையை எந்த மாட்டுக்குப் போடுவது?

சுற்றுச்சூழல் பற்றிப் பேச இவன் யார், வியாபாரம் படுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். ஆமாம், அதுவும் இருக்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டே மேலே போகிறேன்.

கொரோனா வந்த 2020-ல் பந்தியே கிடையாது. அடுத்த வருஷம் கல்யாணங்கள் மெல்லத் திரும்பியபோது எல்லோரும் கேட்டது பேப்பர் கப்தான். நானும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்றேன். பேப்பர்தானே, மக்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெறும் பேப்பராக இருந்தால் சுடச்சுடக் காபியை ஊற்றியதும் ஊறித் தொளதொளவென்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் உள்ளே மெல்லிய பாலிதீன் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு, பேப்பர் தட்டும் உண்டு. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் விற்றேன். தாம்பூலப் பைக்குத் துணி மாதிரி ஒன்று வந்ததே, 'நான் ஓவன்' பை, அதையும் விற்றேன். அது துணியே இல்லை, பாலிபுரோப்பிலீன். அதுவும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான்.

விற்றது எங்கே போனது என்பதை நான் பார்த்த இடம் எங்கள் வயல் மதகு. ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலம் இருக்கிறது எங்களுக்கு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். அங்கிருந்து ஆறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று பிரிந்து எங்கள் பக்கம் வருவதற்குள் கை பரபரக்கும், குறுவைக்கு நாற்று காத்திருக்கும். அந்த வருஷம் வாய்க்காலில் முதலில் வந்தது தண்ணீரில்லை, குப்பை. நாலு மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் கரையோர மண்டபங்களும் டீக்கடைகளும் கொட்டியதையெல்லாம் புதுத்தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்து மதகு வாயில் அடைத்தது. வெங்காயத்தாமரையோடு பின்னிக்கொண்டு பேப்பர் கப்புகள். கம்பை வைத்துக் குத்திக் குத்தி இழுத்தோம். பக்கத்து வயல்காரர் ஒரு கப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது ஒங் கடைச் சரக்கு மாதிரில்ல இருக்கு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிருப்பை அப்படியே மொத்தக் கடையில் திருப்பிப் போட்டேன். பாதி விலைதான் கிடைத்தது. அதை நான் தீ வைத்துக் கொளுத்தியிருந்தால் கதையாகச் சொல்ல நன்றாக இருந்திருக்கும். ஆனால் கொளுத்தினால் வரும் புகை அதைவிட மோசம், கைக்காசும் போகும்.

அதற்குப் பிறகு யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். நாம் எறிகிற சாமானைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், எறிகிற பழக்கத்தைத் தொடவில்லை. பிளாஸ்டிக் கப் போய்ப் பேப்பர் கப், அது போய்ப் பாக்குமட்டை. மஞ்சப்பைக்கும் இதே கதிதான் நேர்ந்துகொண்டிருக்கிறது. அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியபோது சந்தோஷப்பட்டவன் நான். இன்று எங்கள் வீட்டு அலமாரியில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கிவந்த பைகள் நாற்பது தேறும். புழக்கத்தில் இருப்பது இரண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒரு கணக்குப் போட்டது: ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப்பை பூமியைக் குறைவாகச் சூடாக்க வேண்டுமென்றால் அதை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைய, நூற்க, நெய்ய ஆகும் செலவு அப்படி. ஆக, அலமாரியில் மடிந்து கிடக்கும் 38 பைகளால் எந்த நன்மையும் இல்லை. பழைய மஞ்சப்பையின் பெருமை, அது கிழிகிற வரைக்கும் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்ததில்தான் இருந்தது.

எறியாத சாமான்களையும் பாருங்கள். கேஸ் சிலிண்டரை யாராவது ஆற்றில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 20 லிட்டர் தண்ணீர் கேன் வாய்க்காலில் மிதக்கிறதா? கண்ணாடி சோடா பாட்டிலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுத்தானே கடையை விட்டு நகர்கிறோம்? சிலிண்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இயற்கை ஆர்வலர்களா என்ன? திருப்பிக் கொடுக்காவிட்டால் நம் காசு போகும், கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அப்பா வாங்கிய டம்ளர் அட்வான்ஸும் அதேதான்.

இதில் எனக்கு ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கும் ஒன்று உண்டு. நடவு சமயத்தில் எங்கள் வயலில் ஓர் அக்காவின் குதிகாலில் உடைந்த மது பாட்டில் சில் ஏறிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு, உடைத்து, சேற்றுக்குள் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சேறு கலங்கிக் கிடக்கும்போது எப்படித் தெரியும்? தையல், ஊசி, பத்து நாள் கூலி போச்சு. நடவுக் கூலிதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த மாதத்து அரிசி, பருப்பு எல்லாம். நீலகிரியில் உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் தரும் திட்டம் வந்தது. அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. யானைக் காலுக்குக் காட்டிய அக்கறையை நடவுப் பெண்களின் காலுக்காகவும் டெல்டாவில்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பத்து ரூபாய் என்றால் சிரிக்கிறோம். ஆனால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால், குடித்தவர் விட்டுப்போனாலும் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்க இன்னொருவர் வருவார்.

கம்பெனிகளிடம் வருவோம். படித்துறையில் ஒதுங்கிக் கிடப்பதில் பெரும்பங்கு ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பாக்குப் பொட்டலம். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்ற யோசனைக்கு முன்னோடி என்று சொல்லப்படுபவர் நம் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். நல்ல யோசனைதான், கூலிக்காரர் வீட்டுக்கும் ஷாம்பு போனது. அன்றாடம் காய்ச்சியிடம் போய்ப் பெரிய பாட்டிலாக வாங்கு என்று உபதேசம் செய்வது அசிங்கம். பாக்கெட்டை அடுத்தடுத்த ஊருக்கெல்லாம் கொண்டுசேர்க்கத் தெரிந்த அதே வண்டிக்குக் காலிப் பாக்கெட்டைத் திருப்பி எடுத்துப்போகவும் தெரிந்திருக்க வேண்டும். உறைகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று மத்திய அரசு 2022-ல் விதியைக் கறாராக்கிவிட்டது. விதி இருக்கிறது, படித்துறையில் பாக்கெட்டும் இருக்கிறது. உறையில் பச்சை இலை படம் போடுகிற செலவில் மளிகைக் கடைக்காரருக்குக் காலிப் பாக்கெட்டுக்கு ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம்.

சின்ன வியாபாரிகள் சொல்லும் காரணம் வேறு: "கழுவிக் கொடுத்தா ஜனங்க முகம் சுளிக்கிறாங்கண்ணே." அப்படியா? நெடுஞ்சாலை நெடுகிலும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு மாட்டிய கடைகளில் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறார்களே, எதற்காக? பளபளவென்று தேய்த்த பித்தளை டவரா செட்டுக்காகத்தான் பாதி. அதை எத்தனை பேர் வாயில் வைத்திருப்பார்கள்! கழுவித்தானே அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். அதற்குக் கூட விலையும் தருகிறோம். சுத்தமாகத் தேய்த்த பாத்திரத்தை யாரும் வெறுக்கவில்லை. கலங்கிய வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதைத்தான் வெறுக்கிறார்கள். அது நியாயம்தானே.

அதனால் நான் டம்ளரை மட்டும் வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டேன். டம்ளர், ஜக்கு, வெந்நீர் அண்டா, தேய்க்க நான்கு அக்காமார், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. 1,500 பாட்டிலை ஐந்து ரூபாய் என்று போட்டாலும் 7,500 ரூபாய். அதற்குள் முடித்துத் தருகிறேன். பாட்டிலுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தில் பெரும்பகுதி அந்த அக்காமார் கைக்குப் போகிறது. முதல் கல்யாணத்தில் சொதப்பல். பேசியபடி டம்ளர் எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மாமன்காரர் ஒருவர், "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி சொம்பும் டம்ளருமா? நம்மளக் கஞ்சப்பயன்னு பேசுவாங்கய்யா" என்று பாட்டில் கேஸ்களை ஆட்டோவில் இறக்கிவிட்டார். என் டம்ளர்கள் மூலையில் கழுவாமலே பளபளத்தன. கௌரவம் என்ற ஒன்றுக்கு எந்தக் கடையிலும் மாற்றுச் சரக்கு கிடையாது. அதற்குப் பிறகு, பத்திரிகை அடிக்கும்போதே வீட்டுப் பெரியவர்கள் எல்லோரையும் வைத்துப் பேசிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மண்டபக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மின்சாரத்துக்கு மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர்கள். அதனால்தான் சாப்பாடு முடிந்ததும் ஓடிப்போய் விளக்கை அணைக்கிறார்கள். குப்பைக்கு மட்டும் ஏன் 'கிளீனிங் சார்ஜ்' என்று மொத்தமாக ஒரு தொகை? நூறு கிலோ போட்டாலும் அதுதான், முந்நூறு கிலோ போட்டாலும் அதுதான் என்றால் யார் குறைப்பார்கள்? எடை போடுங்கள். இலை தனியாக, மற்றது தனியாக வந்தால் அட்வான்ஸில் திருப்பிக் கொடுங்கள். வாசலில் ஒரு தராசு வைப்பது உங்களுக்குப் பெரிய செலவா?

போன முகூர்த்தத்தில் ஒரு வீட்டில் மூன்று வேளையும் டம்ளர்தான். வாழை இலை திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. எச்சில் இலையைப் பக்கத்துத் தெரு மாட்டுக்காரர் இரண்டு நடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் வாசலில் சாக்கைக் கொட்டி நானும் பையனும் எண்ணினோம். அவன் என் அப்பா மாதிரியே, அதாவது அவன் தாத்தா மாதிரியே, சத்தமாகச் சொன்னான்: "எட்டு குறையுதுப்பா." சாயங்காலம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார்கள், பூக்கூடைக்கு அடியில் ஐந்து கிடைத்ததாம். மூன்றுக்கு மட்டும் அட்வான்ஸில் கழித்தேன்.